ஆறு அமர்வு, ஒரு ஒர்க்‌ஷாப்: கோச்சிங்குக்குக் கொடுத்த காசு தேறியதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பரீட்சைக்குப் படிக்க வைக்கும் கோச்சிங் இல்லை, வேலையில் இருப்பவரோடு ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டே அவரை யோசிக்க வைப்பது. தனியாக உட்கார்ந்து பேசும் ஆறு அமர்வுகள் காசுக்குத் தகுந்தவை, அதே ஆட்கள் நடத்தும் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் தண்டம். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கோச்சிங் என்றால் என்ன, அங்கே போய் என்ன செய்வார்கள் என்று எதுவும் தெரியாமல்தான் நானும் போனேன், தெரிந்து போயிருந்தால் முதல் அமர்வு முழுவதையும் சண்டை போட்டே கழித்திருக்க மாட்டேன்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் சீனியர் மெர்ச்சண்டைசர். இந்த வேலையில் 14 வருஷம். வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் பையர் (ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்குபவர்), மறு பக்கம் ஃபேக்டரி, நடுவில் மத்தளம். நூல் ஒரு இடத்தில் வாங்குவோம், நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். இப்படி ஒரு டி-சர்ட் பத்துக் கை மாறி வருவதால் தப்பு நடந்தால் அதைத் தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம். மெர்ச்சண்டைசர் டையிங்காரரைச் சொல்வார், டையிங்காரர் நிட்டிங்காரரைச் சொல்வார், நிட்டிங்காரர் நூல் மில்லைச் சொல்வார், மில்லுக்காரர் பஞ்சைச் சொல்வார், பஞ்சு வாய் திறந்து பேசாது. அத்தோடு முடிந்தது. 14 வருஷம் நானும் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

போன வருஷம் அடுத்தடுத்து இரண்டு ஷிப்மென்ட் லேட். ஒன்றில் பாதிச் சரக்கை ஏரில், அதாவது விமானத்தில், அனுப்ப வேண்டியதாகிவிட்டது, அந்தச் செலவு கம்பெனி தலையில். அதற்கு அடுத்த வாரம் எம்.டி. என்னையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "உங்களுக்கு ஒரு கோச் ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றார். எங்கள் ஆபீஸில் இதற்கு அர்த்தம் வேறு. கோச்சிங்குக்கு அனுப்பினால் அடுத்தது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் கேன்டீனில் பேச்சு. நான் அன்றைக்கு ராத்திரியே பழைய பயோடேட்டாவை எடுத்துத் தேதி திருத்தினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேவையை நடத்துவது கோவையில் இரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் சின்ன நிறுவனம். பெயர் போடவில்லை. ஊர் சின்னது, குறையும் சொல்லப்போகிறேன், எங்கள் கம்பெனியையும் இழுக்க வேண்டாம். விலை சொல்கிறேன்: தனி ஆளுக்கு ஆறு அமர்வு 36,000 ரூபாய், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 42,480. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒர்க்‌ஷாப் 20 பேருக்கு ஒரு நாள் 60,000, வரியோடு 70,800. எல்லாம் கம்பெனி காசு.

என்னுடைய கோச் ஐம்பதைத் தாண்டியவர், முன்பு ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தவர். "பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றார். நம்மால் ஆகுமா? கடைசி வரைக்கும் சார்தான். அவர் பி.சி.சி. சான்றிதழ் வைத்திருக்கிறார், 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு கொடுப்பது. அதற்கு 125 மணி நேரம் படித்திருக்க வேண்டும், 500 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே ஏ.சி.சி. இருக்கிறது, 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேர அனுபவம். மேலே எம்.சி.சி.க்கு 2,500 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் வேண்டாம். நேற்று வரை இன்சூரன்ஸ் விற்றவர் இன்றைக்கு லைஃப் கோச். சான்றிதழ் இருந்தால் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள்.

ஆரம்பத்தில் எம்.டி., நான், கோச் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எம்.டி. எடுத்த எடுப்பில், "இவங்களுக்கு ரெஸ்பான்சிபிலிட்டி வரணுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. 14 வருஷம் ராத்திரி பதினோரு மணி மெயிலுக்குப் பதில் போட்டவளுக்குப் பொறுப்பு இல்லையாம். கோச் அதற்கு ஆமாம் போடவில்லை, மறுக்கவும் இல்லை. "சரிங்க, அது வந்துருச்சுன்னு நீங்க எதை வெச்சுத் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டார். எம்.டி. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லேட் ஆகப்போகுதுன்னா எனக்கு முன்னாடியே சொல்லணும். கடைசி நாள்ல தெரியக்கூடாது" என்றார். அவ்வளவுதான். அது என் நோட்டில் முதல் வரியாக ஏறியது. இன்னொன்றும் அங்கேயே பேசி முடித்தார்கள்: அமர்வில் நான் பேசுவது எதுவும் எம்.டி.க்குப் போகாது, வந்தேனா வரவில்லையா, குறிக்கோள் என்ன என்பது மட்டும்தான் போகும். காசு கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் வேறொருவர் என்றால் யாருக்கு என்ன தெரியலாம் என்பதை முதலிலேயே தெளிவாக்க வேண்டும் என்று அந்தக் கூட்டமைப்பின் நெறிமுறையிலேயே இருக்கிறது. எம்.டி. முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் ஒப்புக்கொண்டார். இந்தப் பேச்சு நடக்காமல் ஆரம்பிக்கிற கோச்சிடம் வாயைத் திறக்காதீர்கள்.

முதல் அமர்வு, சொன்னேனே, சண்டை. நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன், யார் யார் எப்போது சொதப்பினார்கள் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதுல உங்க பங்கு எவ்வளவு?" என்றார். எரிச்சலில் 20 சதவீதம் என்றேன். "அப்ப அந்த 20 பத்தி மட்டும் பேசுவோம், மிச்ச 80 இங்க இல்ல" என்றார். அந்த 80 பேர்வழிகளைக் கூட்டி வந்து உட்கார வையுங்கள் என்று கத்தாத குறை. அன்றைக்கு வண்டியில் வரும்போது, இதற்கா 7,000 ரூபாய் என்று தோன்றியது.

இரண்டாவது அமர்வில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஏரில் அனுப்பிய அந்த ஆர்டர். ஆலிவ் பச்சை டி-சர்ட், 4,200 பீஸ். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டைத் துணி) ஒரு ஷேட், பாடி ஒரு ஷேட் என்று பையரின் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நிறுத்திவிட்டார். கழுத்தைப் பிரித்து, புது ரிப் சாயம் போட்டு வாங்கித் திரும்பத் தைத்தோம். நான் எல்லோரிடமும் சொன்ன கதை: டையிங்காரர் ரிப்பையும் பாடியையும் தனித்தனியாகப் போட்டுவிட்டார். அது உண்மையும்கூட. கோச் அதை எதிர்த்துப் பேசவே இல்லை. வேறு மாதிரி கேட்டார். அந்தத் துணி உங்க கைக்கு வந்தப்ப மணி என்ன? எங்க நின்னுட்டிருந்தீங்க? எந்த வெளிச்சம்? கைல எடுத்ததும் மனசுல முதல்ல என்ன ஓடிச்சு?

மணி ஏழேகால். ஆபீஸ் ட்யூப்லைட்டுக்குக் கீழே. ஷேட் பார்க்க எங்களிடம் லைட் பாக்ஸ் இருக்கிறது, அதில் பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று தனித்தனி விளக்கு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு துணி இன்னொரு வெளிச்சத்தில் பல்லிளிக்கும், ஆலிவ், காக்கி, சாம்பல் மாதிரி கலர்களில் இந்த வம்பு அதிகம், இது எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக் கொடுப்பது. அந்த லைட் பாக்ஸ் மேல் மாடியில், அறை பூட்டியிருந்தது, சாவி குவாலிட்டி ஆளிடம், அவர் கிளம்பிவிட்டார். டையிங்கில் இருந்து வந்த பையன் பைக்கை ஆஃப் செய்யாமல் வாசலில் நிற்கிறான். நான் ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப மனசுல என்ன ஓடிச்சு?" மறுபடியும் அதே கேள்வி. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே, அதற்குத்தான் காசு என்று பிறகு புரிந்தது. லேசாக ஒரு உறுத்தல் இருந்தது. ரிப் கொஞ்சம் மஞ்சளடிக்கிறதோ என்று ஒரு நொடி தோன்றியது, காலையில் பார்க்கலாம் என்று சொன்னால் ஒரு நாள் போய்விடும் என்று அதை அமுக்கிவிட்டேன். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறைத்தேன் என்பதுகூட இல்லை, எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. டையிங்காரரைத் திட்டிய சத்தத்தில் அந்த ஒரு நொடி அடிபட்டுப் போயிருந்தது.

அடுத்த அமர்வை உடம்பு சரியில்லை என்று தள்ளிப் போட்டேன். காய்ச்சல் எல்லாம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். இந்த முறை ஏதோ மேனேஜ்மென்ட் காலேஜில் பிறந்தது என்று நினைத்தேன், டென்னிஸ் மைதானத்தில் பிறந்ததாம். திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் 1970களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார். "பந்தைப் பார், பந்தைப் பார்" என்று கத்தினால் ஆடுபவர் விறைத்துப் போகிறார். அதற்குப் பதிலாக, பந்து வலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கேட்டால், பதில் சொல்வதற்காகவாவது அவர் பந்தைப் பார்த்தாக வேண்டும். திட்டு இல்லை, புத்திமதி இல்லை, பார்வை தானாகக் கூர்மையாகிறது. இதை பிரிட்டனுக்குக் கொண்டுபோய் ஆபீஸ்களுக்குள் நுழைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். அவர் கார் பந்தய வீரர், 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். கோச்சிங் என்பது விழிப்பு, பொறுப்பு இரண்டையும் வளர்ப்பது என்று 1992இல் புத்தகம் எழுதினார். குறிக்கோள், இப்போதைய நிலை, வழிகள், செய்யப்போவது என்று நான்கு கட்டமாகக் கேள்வி கேட்கும் முறையைப் பிரபலப்படுத்தியதும் அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான். என் கோச் என்னிடம் கேட்ட "மணி என்ன, எந்த வெளிச்சம்" எல்லாம் அந்தப் பந்து எவ்வளவு உயரம் என்ற கேள்வியின் தம்பிதான். அவர் என்னை "இனிமேல் கவனமா இருங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸில் அதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறோம்.

தள்ளிப்போன மூன்றாவது அமர்வில் அவர் கேட்ட முதல் கேள்வி, "உடம்பு சரியில்லாம போயிருச்சா, வர வேண்டாம்னு முடிவு பண்ணீங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதிலிருந்துதான் வினைச்சொல் வீட்டுப்பாடம் ஆரம்பித்தது, என்னைக் கேட்டால் மொத்தப் பொதியிலும் உருப்படியான சரக்கு இதுதான். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே, உருண்டது, உருட்டினான், அதே கணக்கு. ஒரு வாரம் ஆபீஸில் நான் சொல்கிற சாக்கு எல்லாவற்றையும் சொன்னது சொன்னபடியே எழுதச் சொன்னார். எழுதினேன். மெயில் விட்டுப்போச்சுங்க. கூரியர் நின்னுபோச்சு. சாம்பிள் மாறிப்போச்சு. அளவு தவறிப்போச்சு. டேட் தள்ளிப்போச்சு. இரண்டு பக்கம் எழுதியும் அதில் ஓர் இடத்தில்கூட "நான்" இல்லை! எல்லாம் தானாகவே விட்டுப்போகிறது, தானாகவே மாறிப்போகிறது, நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒவ்வொன்றையும் மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். மெயிலை விட்டுவிட்டேன். சாம்பிளை மாற்றி வைத்துவிட்டேன். தேதியைத் தள்ளினேன். எழுதும்போதே வயிற்றைப் பிசைந்தது. ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்றக் கூடாது என்றும் சொன்னார். கூரியர் நிஜமாகவே மழையில் நின்றுபோனது, அதை நான் நிறுத்தவில்லை, அதை என் தலையில் போட்டுக்கொள்வதும் பொய்தான். எது நின்றது, எது நிறுத்தப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். 23 வரி எழுதியிருந்தேன், அதில் 14 என் கை பட்டவை. 20 சதவீதம் என்று சொன்னவள் நான்.

தமிழில் இந்த வசதி ரொம்பவே அதிகம் என்று நினைக்கிறேன். "உடைஞ்சுபோச்சு" என்று சொன்னால் போதும், உடைத்தவர் வாக்கியத்துக்குள் வரவே வேண்டாம், யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். மரியாதைக்காகவும் அப்படிப் பேசுகிறோம், அதுவும் உண்மை, "நீங்க விட்டுட்டீங்க" என்று பெரியவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாதுதானே. என் வீட்டுக்காரரிடம் இந்த வீட்டுப்பாடத்தைக் காட்டினேன், மறுநாள் காலையில் பால் பொங்கியபோது "பால் பொங்கிருச்சா, பொங்க விட்டியா?" என்று கேட்டார். இனி காட்டுவதாக இல்லை.

நான்காவது அமர்வு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மேலே, கீழே, பக்கத்தில் வேலை செய்யும் ஏழு பேரிடம் ஒரு படிவம் அனுப்பி என்னைப் பற்றிக் கேட்டு வாங்கி, அதை ஜோஹாரி ஜன்னல் என்ற கட்டத்தில் போட்டுப் பார்ப்பது. ஜோஹாரி என்றதும் ஜெய்ப்பூர் நகைக்கடைத் தெருவோடு ஏதோ சம்பந்தம் என்று நினைத்தேன், இல்லையாம், ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் தங்கள் பெயரின் முன்பாதிகளை ஒட்டி வைத்த பெயர். நான்கு கட்டம்: எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, யாருக்கும் தெரியாதது. யோசனை நல்லதுதான். மூன்றாவது கட்டத்தில் ஒரு வரி வந்தது: "அக்கா கேக்கற மாதிரி கேப்பாங்க, ஆனா முடிவை முன்னாடியே எடுத்திருப்பாங்க." உண்மை, கன்னத்தில் அறைந்த மாதிரி உண்மை. குறை எங்கே என்றால், பெயர் தெரியாது என்று சொல்லி வாங்கிய படிவத்தில் ஏழே பேர், அதில் என் டீமில் மூன்றே பேர், அவரவர் எழுத்து நடை எனக்கு அத்துப்படி. யார் எழுதியது என்று பத்து நொடியில் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அந்தப் பெண்ணிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளும் புரிந்துகொண்டாள். கோச் எல்லோரிடமும் போனில் பேசி, தன் வார்த்தையில் கலந்து கொடுத்திருக்க வேண்டும். சின்ன ஆபீஸில் படிவம் வேலைக்கு ஆகாது, கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

ஐந்தாவது அமர்வு அந்தப் பெண்ணைப் பற்றியே போனது, அதாவது நான் அவளிடம் பேசும் விதம். நான் அதிகம் பயன்படுத்தும் சொல் "ஏன்" என்று கண்டுபிடித்தோம். ஏன் அனுப்பல, ஏன் சொல்லல, ஏன் இப்படி. நம் ஊரில் ஏன் என்பது கேள்வியே இல்லை, திட்டின் முதல் எழுத்து. ஏன் என்று கேட்டவுடன் எதிரில் இருப்பவர் காரணம் தேட ஆரம்பிப்பார், கிடைத்ததும் "விட்டுப்போச்சுங்க்கா" வரும். அதற்குப் பதிலாக "எந்த இடத்துல நின்னுச்சு, இப்ப என்ன மிச்சம்?" என்று கேட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், நக்கல் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். மூன்றாவது வாரம் அவளாகவே வந்து, "அக்கா, கேர் லேபிள்ல நாடு பேர் தப்பா போட்டு அப்ரூவ் பண்ணிட்டேன், இன்னும் பிரிண்ட் போகல" என்றாள். "பண்ணிட்டேன்" என்றாள், கவனித்தீர்களா. எனக்கு ஏறிய கோபத்துக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். லேபிள் பிரிண்டர் கடையில் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள், பத்து நாள் கழித்துத் தெரிந்திருந்தால் பேக்கிங்கையே பிரித்திருப்போம்.

இப்போது ஒர்க்‌ஷாப். லைன் சூப்பர்வைசர்கள், செக்கிங், அயனிங், பேக்கிங் பொறுப்பாளர்கள் என்று 20 பேர். ஒரு ஓட்டல் ஹால், ஏசி, நடுவில் போண்டா. நடத்தியது அந்த நிறுவனத்தின் இன்னொரு கோச், சின்ன வயது, மைக்கை விடவே இல்லை. நாள் முழுக்க ஸ்லைடு. கண்ணை மூடி உங்கள் குறைகளைப் பாருங்கள் என்றார், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், அதற்கு முந்தின நாள் ராத்திரி ஒரு மணி வரை ஷிப்மென்ட். அப்புறம் எல்லோரையும் எழுப்பி, கையை நெஞ்சில் வைத்து, "என் வேலைக்கு நானே நூறு சதவீதம் பொறுப்பு" என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். என்னிடம் ஆறு அமர்வில் என் பங்கைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கச் சொன்ன அதே நிறுவனம்தான், இங்கே நூறையும் தூக்கி அவர்கள் தலையில் வைத்தது.

அடுத்த வாரம் தையல் ஃப்ளோரில் ஒரு போர்டு வந்தது, "உங்கள் லைன், உங்கள் பொறுப்பு". அதற்குக் கீழேயே ஒரு லைன் மதியத்தில் இருந்து நின்றுகொண்டிருந்தது. அந்த லைன் சூப்பர்வைசர் அண்ணன் என்னைப் பார்த்து, "ஏனுங்க மேடம், மெயின் லேபிள் வரல, லைன் நிக்குது, இதுவும் என் பொறுப்புங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார், ஏனென்றால் அன்றைய புரொடக்‌ஷன் குறைந்ததற்கு அவரிடம்தான் விளக்கம் எழுதி வாங்கியிருந்தார்கள். லேபிள் ஆர்டர் போட அவருக்கு அதிகாரம் கிடையாது, சப்ளையர் நம்பர்கூட அவரிடம் இல்லை. அந்த லேபிளைத் துரத்த வேண்டியது என் டீம். நான்தான்.

எங்கள் பக்கம் "யார் பொறுப்பு?" என்ற கேள்வியைத் தப்பு நடந்த பிறகுதான் கேட்பார்கள். நன்றாக நடந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த அர்த்தத்தை மாற்றாமல், அதிகாரத்தையும் கொடுக்காமல், நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வைத்தால் அது கோச்சிங் இல்லை, எழுதி வாங்கும் வாக்குமூலம். நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையைத் தொழிலாளியின் மனசாட்சிக்குள் தள்ளிவிடுவதற்கு 70,800 ரூபாய் அதிகம்தான்.

ஆறாவது அமர்வில் இதை என் கோச்சிடம் அப்படியே கொட்டினேன். அவர், "அந்த ஒர்க்‌ஷாப் வேற கோச் எடுத்தது, கொஞ்சம் அப்படி ஆயிருச்சு" என்றார். விடுவேனா? "ஆயிருச்சுங்களா சார், ஆக்கினீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், ஒரு நாளில் எதுவும் நடக்காது என்று தெரிந்தேதான் அந்த ஆர்டரை எடுத்ததாக, எடுக்காவிட்டால் எங்கள் மூன்று பேருடைய அமர்வும் கையை விட்டுப் போயிருக்கும் என்பதால். அந்தப் பதிலுக்காக ஒரு நட்சத்திரம் கூட்டிக் கொடுக்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்குக் குறைத்தது குறைத்ததுதான்.

முடிந்து ஆறு மாதம் ஆகிறது. என்ன மாறியது என்று கேட்டால், லைட் பாக்ஸ் அறைச் சாவி இப்போது என் மேசையில், சாயங்காலம் வரும் துணியைக் காலையில்தான் பார்க்கிறேன், டையிங் பையன் முணுமுணுத்துக்கொண்டே போகிறான். எம்.டி. கேட்ட முன்கூட்டியே சொல்வது: முதல் தடவை "ஒன்பது நாள் லேட் ஆகும்" என்று மூன்று வாரம் முன்பே மெயில் போட்டேன், கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். முன்னாடியே சொல்லச் சொன்னவர் அவர்தான். இரண்டாவது தடவை போட்டபோது கத்தவில்லை, அவரே நிட்டிங்காரருக்குப் போன் போட்டு நான்கு நாள் மீட்டுக் கொடுத்தார். அப்படியும் இந்த சீசனில் ஒரு ஷிப்மென்ட் லேட்தான். "பார்த்துக்கலாங்க" என்ற வார்த்தையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தேன், அது வாரத்துக்கு நான்கு தடவையாவது வந்துவிடுகிறது. வந்துவிடுகிறது இல்லை, சொல்லிவிடுகிறேன். என்னோடு போன மற்ற இரண்டு பேரில் ஒருவர் மூன்றாவது அமர்வோடு நின்றுவிட்டார், அவருக்கு இது "சும்மா பேச்சு". அவரைக் குறை சொல்ல மாட்டேன், அனுப்பி வைத்த மனநிலையில் போனால் அப்படித்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. மனசு ரொம்பக் கனத்துப் போய், தூக்கமே இல்லாமல் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது, அதற்கு மனநல ஆலோசகரிடம்தான் போக வேண்டும், கோச்சும் அதை முதல் நாளே சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில்லறை விவரங்கள். ஒர்க்‌ஷாப்போடு சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்பார்கள், தலையை ஆட்டாதீர்கள். ஆறில் இரண்டு அமர்வை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள், என்னுடைய ஐந்தாவது அப்படித்தான் நடந்தது, நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது, பக்கத்து அறையில் யாரோ சாம்பிள் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள், நேரிலேயே கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை எடுத்தால் வாரச் சம்பள நாள், பாதி மனசு ஆபீஸில் இருக்கும். வியாழக்கிழமை மாலை நேரம் கிடைத்தால் விடாதீர்கள், அவருக்கு அதற்குப் பிறகு வேறு யாரும் இல்லை, ஒன்றேகால் மணி நேரம் என்பது இரண்டு மணி நேரமானாலும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். காபி மட்டும் சுமார்தான்.